மீன் பொரித்த சேதி

பிப்ரவரி 4

அன்புள்ள வாலு,

இங்கே நானும் மீன்களும் உயிரோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டால், "சிக்னல் விட்டு விட்டு வருது அண்ணி" என்று நழுவிவிடுகிறாய். கடிதத்தில் நழுவ முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் விஷயம். உன் அண்ணனுடைய கோமாளி மீன் ஜோடி முட்டை போட்டிருக்கிறது. தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் மேல், ஆரஞ்சு நிறத்தில், கடுகை ஒட்டி வைத்தது போல. நான் டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுப்பவள். மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சின்ன மீனுக்கு அம்மணி என்று பெயர் வைத்திருக்கிறேன். பாவம், முட்டைப் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறாள். பெரியவர் துரை. ஊர் சுற்றிவிட்டு எப்போதாவது வந்து எட்டிப் பார்க்கிறார். எல்லா வீட்டிலும் இதே கதைதான் போல.

நீ மீன் பண்ணையில், குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்ப்பவள். எப்படிக் காப்பாற்றுவது என்று எழுது. உன் அண்ணன் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலைக்குக் கிளம்பும்போது, "மீனைப் பாத்துக்கோ, வந்துடறேன்" என்றார். சொன்ன மாதமெல்லாம் தாண்டிவிட்டது. அங்கே போனே எடுக்காதாம். துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு போனவர் மீனை விட்டுப்போயிருக்கிறார் என்றால், திரும்பி வருவார் என்றுதானே அர்த்தம்? குஞ்சு பிழைத்துவிட்டால் ஓடியே வந்துவிடுவார். உன்னோடு எப்போதாவது பேசுகிறார் என்றாயே, அப்போது சொல்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. ஆளையே மாற்றிவிட்டீர்களே! பெரியதுதான் பெண். முட்டையை விசிறுகிற சின்னது அப்பா. கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அது செத்துப்போனால் அடுத்தது பெண்ணாகிவிடும்.

முட்டைக்குள் வெள்ளிக் கண் மின்ன ஆரம்பித்தால் பொரியப்போகிறது என்று அர்த்தம். சாயங்காலமே சட்டியை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அதே கடல் தண்ணீர்தான் இருக்க வேண்டும். பக்கங்களில் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். காற்றுக் குழாய் மெல்லக் குமிழி விட வேண்டும், கொதிக்கிற மாதிரி அல்ல. விளக்கை அணைத்தால் பொரிந்துவிடும். குஞ்சுக்கு வாய் ஊசிமுனை அளவுதான். ரோட்டிபர் என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி, அதைத்தான் தின்னும். வண்ண மீன் கடையில் கேட்டு வாங்கி ஒரு வாளியில் வளருங்கள். அதற்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் போதும், தானே பெருகும்.

அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நலமாகத்தான் இருப்பான். வேலை அதிகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலு,

எனக்குத் தலை சுற்றுகிறது. அம்மணி அவர், துரை அவள் என்று மாற்றிக் கூப்பிட வாய் வரவில்லை. நாளைக்கே அவளாகிவிடக்கூடிய அவரை இன்றைக்கு என்னவென்று கூப்பிடுவது?

பொரிந்ததெல்லாம் போய்விட்டது. பச்சைத் தண்ணீர் என்று நீ எழுதியிருந்தாய். காய்ச்சாத தண்ணீர்தான் வேண்டும் போல என்று, குழாயில் பிடித்து அப்படியே வாளியில் ஊற்றினேன். வெந்நீர் கலந்துவிடக் கூடாதே என்று அத்தனை ஜாக்கிரதை வேறு. பூச்சி கூண்டோடு காலி. கடைக்காரர், "பச்சைத் தண்ணின்னா பச்சைக் கலர் தண்ணிங்க, பாசித் தண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடித் துகள் மாதிரி நீந்திக்கொண்டிருந்த குஞ்சுகள் பட்டினியில் அடியில் படிந்துவிட்டன. உட்கார்ந்து அழுதேன். மீனுக்காகத்தான் அழுதேனா என்று தெரியவில்லை.

ஸ்கூலில் ஒரு மாமா கியர் மாற்றச் சொன்னால் வைப்பரைப் போடுகிறார். முன்பெல்லாம் கத்துவேன். இப்போது, "பரவால்ல சார், மழை வந்தா உதவும்" என்கிறேன்.

மறுபடி முட்டை போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை விடமாட்டேன். ஒன்று கேட்கிறேன். மீனுக்கு இத்தனை வரி எழுதிய நீ அண்ணனுக்கு ஒரே வரி எழுதியிருக்கிறாய். அதிலும் 'இருப்பான்' என்கிறாய். இருக்கிறாரா, இருப்பாரா?

அண்ணி

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

தப்பு என்னுடையதுதான். பண்ணையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். கடையிலேயே பாசித் தண்ணீர் புட்டியில் கிடைக்கும். வாளி லேசாகப் பச்சையாகத் தெரிகிற வரைக்கும் ஊற்றுங்கள். வெளுத்தால் பூச்சிக்குப் பசி என்று புரிந்துகொள்ளுங்கள்.

அண்ணன் இருக்கிறான். கை தவறி அப்படி எழுதிவிட்டேன்.

வாலு

ஏப்ரல் 12

என் தங்க வாலு,

பொரித்துவிட்டது! பிழைத்தும்விட்டது! எட்டோ ஒன்பதோ, எண்ணுவதற்குள் இடம் மாறிவிடுகின்றன. கழுத்தில் வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது. என் கையால் ஒன்று உருப்பட்டது என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. வைப்பர் மாமாவை வீட்டுக்கே கூட்டிவந்து காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

உன் அண்ணனுக்கு உடனே சொல். எப்படியாவது சேதி போய்ச் சேர வேண்டும். அலமாரியில் அவர் பக்கத்தைத் துடைத்து வைத்துவிட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணிக்கு,

சபாஷ்! எங்கள் பண்ணையிலேயே பாதிப் பேருக்கு இது கைவராது.

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். உங்கள் கடிதம் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சந்தோஷத்தில், "அண்ணா, அண்ணி மீன் பொரிச்சுட்டாங்க!" என்று கத்திவிட்டேன். அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்து, "பொரிச்சுட்டாளா? ரெண்டையுமா?" என்றான். எண்ணெய்ச் சட்டியில் போட்டதாக நினைத்துவிட்டான், மண்டு! "அப்பாடா, விட்டது சனி. அதுக்காகவாவது ஒரு தடவ போகணுமேன்னு உறுத்திட்டே இருந்துச்சு" என்றான். நான் விளக்குவதற்குள் கை கழுவப் போய்விட்டான்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், மொத்தமாக மாற்றாதீர்கள்.

வாலு

மே 6

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன். மறுபடி படித்தபோதுதான், எண்ணெய் மேடையில் இருக்கிறவர் உன் வீட்டுத் தட்டில் எப்படிச் சாப்பிட்டார் என்று உறைத்தது. கை தவறி எழுதினாயா, எனக்குத் தெரியட்டும் என்றே எழுதினாயா? கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. உன்மேல் கோபமாக இருக்கிறது. நீயும் என்னதான் செய்வாய், பாவம் என்றும் இருக்கிறது. இரண்டில் எது நிஜம் என்று எனக்கே விளங்கவில்லை.

நிறைய அழுதேன். மறுநாள் வகுப்பில் இடது பக்கம் திருப்பச் சொல்ல வேண்டிய இடத்தில் வலது என்றேன். மீனை விட்டுப்போனதால் வருவார் என்று நான் நம்பினேன். அவரோ மீனை விட்டுவந்தோமே, போக வேண்டியிருக்குமே என்று அலுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே தொட்டியைப் பற்றித்தான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

குஞ்சுகள் சௌக்கியம். ஒன்று என் விரலைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடி வருகிறது. ரோட்டிபரை நிறுத்திவிட்டு வேறு தீனி கொடுக்கலாமா, எழுது. இனி நீ எனக்கு என்ன உறவு என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் இருந்துவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது.

அவரிடம் எதையும் விளக்கப் போகாதே. ஆமாம், அண்ணி இரண்டையும் பொரித்துவிட்டாள், ஒரு முள்கூட மிச்சம் வைக்கவில்லை என்றே சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணி