நாலாவதாக ஒரு ஆடு

ஞாயிறு, மாசி 10

எதற்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று யார் கேட்டாலும், வெளிச்சத்தின் மேல் ஆசை என்பேன். அது பொய். அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அண்ணன், அண்ணியோடு நானும் போய் நின்றேன். "மூணு பேரா நின்னு போட்டோ எடுத்தா ஆகாது, நீ வந்து எடுடா" என்று அண்ணன் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த மாதமே சொந்தமாக ஒன்று வாங்கினேன். கேமராவுக்குப் பின்னால் நிற்பவனை யாரும் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடமாகக் குடும்பப் படம் எதிலும் நான் இல்லை.

இன்று சேந்தமங்கலத்தில் அம்மாவையும் அண்ணனையும் நிற்கவைத்து எடுக்கப் போனேன். "நீயும் வந்து நில்லு சாமி" என்றார் அம்மா.

"மூணு பேரு ஆகாதும்மா. உன்ற பெரிய மகனையே கேளு" என்றேன், குத்தலாகத்தான்.

அண்ணன் கட்டுத்தரைக்குப் போய் வெள்ளாட்டை இழுத்து வந்தார். "இப்ப நாலாச்சில்லடா. வந்து நில்லு."

"ஆடு உங்களாட்டவே மொறைக்குதுங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே அண்ணி என் கேமராவை வாங்கிப் பொத்தானை அழுத்தினார். அண்ணனின் கை என் தோளில் இருந்தது. படம் எடுத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

இப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஃபோகஸ் முழுவதும் ஆட்டின் மேல். நாங்கள் மூவரும் மங்கல். வேறு படமாக இருந்தால் உடனே அழித்திருப்பேன்.

கிரகப்பிரவேசத்தை நான் மறக்கவில்லை. இருந்தாலும் நாளை செவ்வாய்ப்பேட்டையில் இதைப் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கும் ஒன்று.