ஜெசி உன் கல்லறையைப் பார்க்க ஓடிய மாலை

என் எஸ்தர் அக்காவுக்கு,

சண்டை போட ஆள் இல்லாத வீட்டிலிருந்து உன் ரூபி எழுதுகிறேன். பிள்ளைகள் ரெண்டு பேரும் தூங்கியாச்சு. நீ போனதிலிருந்து என்னோடு இருக்கிற உன் மகள் ஜெசி சுவர் ஓரம், என் மகன் சாம் தூளியில். நீ என் வயிற்றில் கை வைத்து, "பாரு, எப்படி உதைக்கிறான்" என்று சிரித்தாயே, அவன்தான். இப்போது தவழ்கிறான். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிறது. இவருக்கு ஒரகடம் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்தால் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுகிறார். மற்ற நாளெல்லாம் நானும் இந்த ரெண்டும்தான்.

டிவியில் இன்றைக்கும் சண்டைச் செய்தி. எங்கேயோ ஒரு ஊரில் குண்டு விழுந்து, ஒரு அம்மா குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடுகிறாள். என் கை தானாகப் போனை எடுத்தது. இந்நேரம் உன் வாய்ஸ் மெசேஜ் வந்திருக்க வேண்டும். "ஏய் ரூபி, பாத்தியா? கடைசி காலம்னு வேதத்துல சொன்னது அப்படியே நடக்குது. இன்னும் இன்னா ப்ரூப் வேணும் உனக்கு?" வராது என்று தெரியும். தெரிந்தும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை வாதம், அக்கா! கொரோனா வந்தபோது, இதோ கொள்ளைநோய் என்றாய். ஏதோ தேசத்தில் நிலம் ஆடினால் அதையும் சேர்த்துக்கொண்டாய். நம்ம மலையில் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற பாறைகளைக் காட்டி, "அந்த நாள்ல இதெல்லாம் உருண்டு வரும் பாரு" என்பாய். "ராஜா காலத்துல இருந்து அப்படியேதான் நிக்குது, உனக்காக உருளப் போகுதா?" என்பேன் நான். பி.ஏ. வரலாறு படித்த வாய் சும்மா இருக்குமா?

"நம்ம செஞ்சிக் கோட்டையை வருஷக்கணக்கா முற்றுகை போட்டப்போ, உள்ள இருந்த பொம்பளைங்களுக்கு அதுதான் கடைசி நாளா தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு காலத்துக்காரங்களும் தங்க காலம்தான் முடிவுன்னு நெனச்சாங்கக்கா."

"நாளு தெரியாதுடீ. காலம் தெரியும். மேகம் கறுத்தா மழைன்னு தெரியாதா?"

"நம்ம செஞ்சி மேகமா? அது எத்தினி வாட்டி மல்லாட்டை விதைச்சவங்களை ஏமாத்தியிருக்குது!"

உடனே உன் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். "உலகம் முடியறது இருக்கட்டும். இங்க சோறு முடிஞ்சிடுச்சு, யாராச்சும் வந்து பாருங்க." லோடு வண்டி ஓட்டிவிட்டுப் பசியோடு வந்த மனுஷனை மறந்துவிட்டு நாம் உலகத்தை முடித்துக்கொண்டிருப்போம்.

ஒரு தடவை மட்டும் நீ என்னை மடக்கினாய். வேதத்தில் முடிவைப் பற்றி வருகிற தரிசனங்களெல்லாம் அன்றைக்கு அடி வாங்கிக்கொண்டிருந்த ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல எழுதியது, நம் காலத்து நியூஸ் அல்ல என்று நான் பெரிதாகப் பேசி முடித்தேன். நீ ஜெசிக்குத் தலை பின்னிக்கொண்டே, "அப்போ நமக்குத் தைரியம் வேணாமா?" என்றாய்.

"நாம சாவைப் பாக்க மாட்டோம் ரூபி. அதுக்குள்ள இயேசப்பா வந்துடுவார்." இதை நீ சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினாய். அப்புறம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் ஜெயித்துவிட்டேன். இப்படியா அக்கா ஒருத்தி ஜெயிப்பாள்?

இதிலே வேடிக்கை, இப்போது பயப்படுகிறவள் நான். அந்த நாட்களில் பால் கொடுக்கிற தாய்மாருக்கு ஐயோ என்று ஒரு இடம் வருமே, நீ வாசிக்கும்போது நான் காதில் வாங்கியதே இல்லை. இப்போது சாமுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. யூடியூபில் யாரோ ஒருவர் வரைபடம் போட்டு, இந்த தேசம்தான் வேதத்தில் வருகிற அந்த மிருகம் என்று விளக்குகிறார். நம்பவில்லை. ஆனாலும் பார்க்கிறேன். இவரிடம் சொன்னால், "போனை வச்சிட்டுத் தூங்கு ரூபி, டென்ஷன் ஆகாத" என்கிறார். நீ இருந்தால் நீ ஆமாம் என்பாய், நான் இல்லை என்பேன், அந்தச் சண்டையிலேயே பயம் போய்விடும். தனியாக ஒருத்தி ஆமாம் இல்லை ரெண்டையும் எப்படிச் சொல்லிக்கொள்வது?

இப்போது ஜெசி விஷயம். கோபப்படாமல் கேள்.

போன வாரம் ஒரு மாலை. அடுப்பில் பாலை வைத்திருந்தேன். சாம் சட்டையை நனைத்துவிட்டான். கழற்றித் தூளிக்குக் கீழே போட்டேன். திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் துணி காய்கிறதே என்று, செருப்பைக்கூடப் போடாமல் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஜெசி ஸ்கூல் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்திருக்கிறாள்.

கதவு திறந்திருக்கிறது. வாசலில் என் செருப்பு. தூளி காலி. தரையில் சாமின் சட்டை மட்டும். அடுப்பில் பால் பொங்குகிறது, ஆள் இல்லை. அவளுடைய ஞாயிறு வகுப்பில் ஒரு படம் காட்டுவார்களாம், அச்சு அசல் இப்படியேதான். ஒரு நாள் இயேசு நல்லவர்களை மட்டும் சத்தமில்லாமல் மேலே எடுத்துக்கொள்வார், போட்டிருந்த துணி கீழே கிடக்கும், மற்றவர்கள் இங்கேயே விடப்படுவார்கள் என்று.

நான் இறங்கி வந்தபோது நடு வீட்டில் அவள் பை கிடந்தது. அவள் இல்லை.

எதிர் வீட்டுப் பர்வீன் அக்கா தெருவிலேயே நின்றிருந்தார். "உன் பொண்ணு மெயின் ரோட்டுப் பக்கம் ஓடுச்சு ரூபி. கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. இன்னா, அடிச்சியா?"

"ஐயோ, இல்லக்கா! அடுப்புல பால் வேற இருக்குது."

"சரி, புள்ளைய இங்க குடு. நீ ஓடு. உன் அடுப்பை நான் பாத்துக்கறேன்."

வெறும் காலோடு ஓடினேன். திருவண்ணாமலை ரோட்டில் அந்த நேரத்தில் பஸ்ஸும் லாரியும் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். கடையில் கேட்டேன், இல்லை. உன் வீட்டில் பார்த்தேன், மாமா லோடுக்குப் போயிருந்தார், பூட்டியிருந்தது. அப்புறம்தான் எதிர்ப்பக்கம் இருக்கிற கல்லறைத் தோட்டம் ஞாபகம் வந்தது. அந்த ரோட்டை அவள் தனியாகத் தாண்டியிருக்கிறாள், அக்கா.

உன் பக்கத்தில் குந்தியிருந்தாள். சிமெண்ட் விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி! நீ போவலியா?"

"எங்கடீ போவேன்?"

"வீட்ல யாருமே இல்ல. சாம் சட்டை மட்டும் கெடந்துச்சு. எல்லாரையும் எடுத்துக்கிட்டாங்க, என்னை மட்டும் விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். செத்தவங்கதான் மொதல்ல எழுந்திருப்பாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதான் அம்மா இருக்காங்களான்னு பாக்க வந்தேன். எங்கயும் ஒடையல சித்தி. அம்மா உள்ளதான் இருக்காங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திட்டவா, கட்டிக்கொள்ளவா என்று தெரியாமல் நின்றேன். பிறகு என் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள். "அம்மா எழுந்திருக்கலன்னு எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. அம்மாவுக்குக் கோவம் வருமா?"

நீயே சொல், கோபம் வருமா?

மாமா லோடு இறக்கிவிட்டு வந்ததும் சொல்லிவிட்டேன். "இனிமே அந்த வகுப்புக்கு அவளை அனுப்ப மாட்டேன் மாமா."

"எஸ்தர் இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

"எஸ்தர் இருந்தா அவ பொண்ணு கல்லறைக்கு ஓடியிருக்க மாட்டா."

அவர் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "நீ படிச்சவ. அதெல்லாம் பொய்னு அவகிட்ட சொல்லிடுவ. அப்புறம், 'எங்கம்மாவை எப்போ பாப்பேன்'னு கேப்பா. அதுக்கு இன்னா சொல்லுவ?" அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நானும் அதை வச்சுத்தான் வண்டி ஓட்டிக்கினு இருக்கேன் ரூபி."

பிள்ளையை நடுங்க வைக்கிற வார்த்தையும், அம்மாவைத் திரும்பப் பார்ப்பாய் என்கிற வார்த்தையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைக் கிழித்தால் மற்றதும் சேர்ந்து கிழிகிறது. உன்னோடு பேசும்போது எனக்கு இது தெரியாது. போர், பூகம்பம், எந்த ராஜா, எந்த மிருகம் என்றுதான் அடித்துக்கொண்டோம். நடக்குமா நடக்காதா என்பதைவிட, அதைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை எப்படித் தூங்கும் என்று நாம் ரெண்டு பேருமே யோசிக்கவில்லையே, ஏன்?

ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பினேன். ஆனால் நானும் கூடப் போனேன். சின்னப் பிள்ளைகள் நடுவே பாயில் உட்கார்ந்தேன், மடியில் சாம். டீச்சர் சின்னப் பெண்தான், நல்லவள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "இயேசப்பா வந்தா போறதுக்கு யாரெல்லாம் ரெடி?" என்றாள். எல்லாக் கையும் உயர்ந்தது. ஜெசியின் கை உயரவில்லை. என் பக்கம் சாய்ந்தாள்.

"உன்னைக் கூப்ட்டா நீ போயிடுவியா சித்தி?"

"மாட்டேன்."

"இயேசப்பா கூப்ட்டாலுமா?"

"அவர் கூப்ட்டாலும். ஜெசி இல்லாம வர மாட்டேன்னு சொல்லிடுவேன்."

"திட்டினாருன்னா?"

"திட்டட்டும்."

கொஞ்சம் யோசித்தாள். "நான் ஸ்கூல்ல இருந்து லேட்டா வந்தாக்கூடவா?"

"எவ்ளோ லேட்டா வந்தாலும்."

சாமின் காலை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். கையை அப்போதும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. அந்த அறையில் ரெடியாக இல்லாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

நான் சொன்னது பாவமா, அக்கா? இருக்கலாம். உன் நம்பிக்கையைப் பொய் என்று அவளிடம் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். கேட்டால், எனக்குத் தெரியாது, உங்கம்மா நம்பினாள் என்று சொல்வேன். அவள் பெரியவளானதும் உன்னைப் போல நம்பட்டும், என்னைப் போல வாதாடட்டும், அது அவள் பாடு. ஆனால் அந்த நாள் நீ சொன்னபடியே வந்து, நீ முதலில் எழுந்து, மேலே இருக்கிற கூட்டத்தில் எங்களைத் தேடிக் காணவில்லை என்றால் பயப்படாதே. கீழே பார். விடப்பட்டவர்கள் வரிசையில் உன் மகள் நிற்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
ஜெசியின் சித்தி,
ரூபி