பிளேடு உடைந்த பிறகு

பிப்ரவரி 16, ஞாயிறு
விஜயநகர், மைசூர்

இன்று மேடையில் செல்வராஜின் ரம்பத்தில் பிளேடு உடைந்தது. என்னால்தான்.

ஈட்டி மரப் பலகையில் பல நிற மரங்களை அறுத்துப் பதித்துப் படம் செய்பவர் அவர். அவர் அறுக்கும் சத்தத்துக்கு நான் ஆடுவதுதான் நிகழ்ச்சி. ஆனால் என் தாளத்துக்குத்தான் அவர் அறுக்க வேண்டும் என்று ஒரு மாதமாகப் பிடிவாதம் பிடித்தேன். "மரம் விடற வேகத்துலதானுங்க அறுக்க முடியும்" என்று முதல் நாளே சொன்னார். நான் கேட்டால்தானே.

உடைந்ததும் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். அரங்கம் நிறைய ஆட்கள். அவரோ பட்டறையில் பேசுவதுபோல, "மேடம், இங்க வந்து இந்த ரம்ப ஃப்ரேமைக் கொஞ்சம் அழுத்திப் புடிங்க" என்றார். மேசையில் மைக் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சலங்கையோடு போய் உட்கார்ந்து பிடித்தேன். தலைமுடி போலிருந்த புது பிளேடை நிதானமாக மாட்டினார். பிறகு மரத்தின் வேகத்தில் அறுத்தார். நான் அதற்கு ஆடினேன். ஒத்திகை பார்த்ததில் ஓர் அடிகூட வரவில்லை. ஆனாலும் இப்படி நான் ஆடியதே இல்லை.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அட, விடுங்க மேடம். பிளேடு ஒடைஞ்சப்பறந்தான் நீங்க ஆடறதையே பார்த்தனுங்க. அதுவரைக்கும் உங்க காலடியை எண்ணிட்டே இருந்தேன்."

நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். இங்காவது எழுதி வைக்கிறேன். ஃப்ரேம் அழுத்திய தடம் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது. நானும் அவர் கையை இன்றைக்குத்தான் பார்த்தேன்.