புல்தரையில் எரிந்த மெழுகுதிரி

சிஸ்டர், இன்று காலை அடுப்படியில் அணைந்த திரியின் வாசனை வந்தது. வீட்டில் மெழுகுதிரியே கிடையாது. வாங்கியிருந்தால் என் வரவு செலவு நோட்டில் ஏறியிருக்கும். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று கடலூர்க் கல்லறை வாசலில்தான் வாங்குவேன்.

நீங்கள் போன அந்த வருஷமும் சிதம்பரத்திலிருந்து தனியாகத்தான் வந்திருந்தேன். கன்னியர் வரிசைக்கு அடுத்து என் அப்பாவின் கல்லறை. சகோதரிகளுக்கெல்லாம் திரி ஏற்றிவிட்டு, கல்லறையே இல்லாத வெறும் புல்தரையில் ஒன்றை நட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன் சிஸ்டர், புல்லுக்கும் ஆத்துமா உண்டா?"

சிரித்தீர்கள். உங்களுக்குக் காட்சி வருகிறது என்று ஊரே பேசும். "காட்சியாவது ஒண்ணாவது! முட்டி வலிதான் வருது" என்று அதையும் சிரித்தே தள்ளுவீர்கள். அன்று மட்டும் குரலைத் தாழ்த்தினீர்கள். "மொதல்ல அணைஞ்ச திரி வாசம் வரும்டி. அப்புறம் பேரு வரும், சாவப்போறவங்க பேரு. இன்னிக்கு வந்தவன் புள்ளகுட்டிக்காரன். அவன வுட்டுட்டு என்னைய எடுத்துக்குங்கன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்."

யார் என்று நீங்கள் சொல்லவில்லை. காற்று அடித்தும் சுடர் அசையவில்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

வீடு திரும்பினால், பிச்சாவரத்தில் படகு ஓட்டும் என் வீட்டுக்காரர் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். படகு கவிழ்ந்து, தண்ணிக்கடியில் வேரில் கால் மாட்டிக்கொண்டதாம்.

"மூச்சு போயிடுச்சும்மா. யாரோ கையப் புடிச்சி இழுத்தாங்க. சுட்டுச்சி அந்தக் கை. மேல வந்து பாத்தா ஒருத்தருமில்ல."

தலை துவட்டப் போனவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். உருகி உறைந்த மெழுகு.

கிறிஸ்துமஸுக்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் புல்தரையில்தான் உங்களை வைத்தார்கள். இப்போது ஜனங்கள் வேன் வைத்து வருகிறார்கள், சிஸ்டர். உங்கள் கல்லறை மண்ணைத் தாளில் மடித்து எடுத்துப்போகிறார்கள். எல்லாரும் உயிரைத்தான் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் உயிரை நீங்கள் எதைக் கொடுத்து வாங்கினீர்கள் என்று நான் வாய் திறந்ததில்லை, அவரிடம்கூட.

காலையில் வாசலில் இருந்து அவர் கேட்டார்: "ஏம்மா, மெழுவத்தி அணைச்சியா?"

அப்போதுதான் பெயர் வந்தது. எதிர்வீட்டு மருமகள். நிறைமாதம். சற்றுமுன் கோலம் போட்டுவிட்டு, "பாட்டி, ஊறுகா இருக்கா?" என்று கேட்டுப் போனவள்.

ஊறுகாயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டேன். உள்ளே உதைத்தது.

என் பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள், சிஸ்டர். இன்றைக்குத்தான் கல்லறைத் திருநாள்; கடலூருக்குக் கிளம்பச் சேலை மாற்றிக்கொண்டேன். "நானும் வரட்டா?" என்கிறார் அவர். வேண்டாம் என்று சொல்லி, அந்த மணிக்கட்டைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கல்லறைக்குப் பக்கத்தில் இன்னும் புல் இருக்கிறது. இந்த வருஷம் ஒரு திரி கூடுதலாக வாங்குவேன்.