நீலத்தின் கழுத்து நூல்

மே 17, சனி

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஜன்னலில் ஈரச் சாக்கு. ரோசி நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறாள். குட்டிகளுக்குச் சூடு வேண்டும், தாய்க்கு ஆகாது. பாம்பனில் பொமரேனியன் வளர்க்கிறவளுக்குப் புத்தி கொஞ்சம் கம்மிதான்.

எடை, கிராமில்: சிவப்பு 372. பச்சை 365. மஞ்சள் 380, தடியன். கறுப்பு 351. நீலம் 268.

பூச்சி மருந்து முதல் தடவை. ஐந்துக்கும் கண் திறந்தாச்சு. நீலம்தான் கடைசி.

ஐந்தும் ஒரே வெள்ளை. அடையாளத்துக்குக் கழுத்தில் கலர் நூல். கட்டியது சகாயம். (நேரில் 'ஏங்க'தான். எடை நோட்டில் புருஷன் பெயரை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.) பஹ்ரைனுக்குக் கிளம்பிய காலையில் வாசலில் உட்கார்ந்து வலை நூலை வெட்டி வெட்டிக் கட்டினார். நான் உள்ளே அவருக்குக் கருவாட்டுப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். "கட்டியாச்சு ஸ்டெல்லா" என்று குரல் மட்டும் வந்தது. அப்புறம் வேன். அப்புறம் ஒன்றுமில்லை. இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவார்.

போன வாரம் இறுகிவிட்டது என்று நான்கு நூலை நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கம்பளி நூல் கட்டினேன். போட்ட பிறகுதான் உறைத்தது. நீலம் சின்னது, அதற்கு மட்டும் தளர்வாகவே இருந்தது. விட்டுவிட்டேன். அவர் கட்டியது ஒன்றாவது இருக்கட்டும்.

மே 19, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வீடெல்லாம் மணல். குட்டிகளின் துணியை இரண்டு தடவை மாற்றியாச்சு.

நீலம் 271. மற்றதெல்லாம் நானூறைத் தாண்டியாச்சு.

மண்டபத்திலிருந்து குட்டி கேட்டு ஒரு டீச்சரம்மா வந்தார். காலைக் கழுவச் சொன்னதற்கே முகம் சுருங்கியது. "குட்டிகளுக்கு இன்னும் தடுப்பூசி போடல, தொடக்கூடாதுங்க" என்றதும் இன்னும் சுருங்கியது.

"ஒரு மாசத்துலயே குடுத்துருங்களேன். எல்லாரும் அப்படித்தானே குடுக்குறாங்க?"

"எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும் டீச்சர்."

"அதுக்கென்ன தெரியப்போகுது?"

தெரியும். எனக்கே தெரிகிறது.

நீலத்தின் நூலுக்குள் சுண்டுவிரல் நுனி போகிறது. போதும்.

சகாயத்துக்கு அனுப்பிய குரல் மெசேஜுக்கு இன்னும் ஒரே டிக். மீன்பிடிப் படகு கடலில் இருந்தால் எட்டு நாள், பத்து நாள் சிக்னல் இருக்காது என்று சொல்லித்தான் போனார். சொல்லிவிட்டுப் போனால் வலிக்காதா என்ன.

மே 20, செவ்வாய்

நீலம் 271. ஒரு கிராம்கூட ஏறவில்லை.

ராமநாதபுரம் டாக்டருக்குப் போன். "பின்னாடி காம்புலதான் பால் ஜாஸ்தி. சின்னத அங்க விடுங்க. மத்தத கொஞ்ச நேரம் தள்ளி வைங்க" என்றார். அப்படியே செய்தேன். நீலம் நாலு உறிஞ்சு உறிஞ்சும், விட்டுவிட்டு முனகும். மஞ்சள் தடியன் தூரத்திலிருந்து கத்து கத்தென்று கத்தினான்.

வாங்க: ரோசிக்குக் கோழிக்கால், ஈரல். டெட்டால். எனக்கு மண்டையிடித் தைலம்.

அவருடைய பச்சைக் கட்டம் போட்ட கைலியை இன்னும் துவைக்கவில்லை. டீசல் வாடையும் மீன் வாடையும். கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு துவைத்தவள் நான்.

மே 21, புதன்

நீலம் 266. குறைகிறது.

பூச்சி மருந்து கூடிப்போச்சா? ரோசியின் பாலில் கோளாறா? அப்படியென்றால் மற்ற நான்கும் கொழுகொழுவென்று எப்படி? ரோசிக்கு இது மூன்றாவது ஈற்று. இதோடு அவளுக்கு ஓய்வு, முடிவு செய்தாச்சு.

நூலைப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் போகிறது. போகிற மாதிரிதான் தெரிந்தது.

இன்னும் ஒரே டிக். எனக்கு அவர் வேண்டும். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 22, வியாழன்

முதலில் எடை: நீலம் 260.

காலையில் லூர்து மதினி வந்தார், சகாயத்தின் அக்கா. நீலத்தை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே பேசினவர் பேச்சை நிறுத்திவிட்டார். முடியை விலக்கினார்.

"ஏ புள்ள! கழுத்தப் பாத்தியா? சதைக்குள்ள இறங்கிப் போய்க் கெடக்கு. எப்படிப் பால் குடிக்கும்? கத்திரிய எடு!"

நான் எடுக்கவில்லை. நின்றேன். "அது அவுக கட்டுனது மதினி" என்றேன். வெட்கக்கேடு. ஒரு உயிர் திணறிக்கொண்டிருக்கிறது, என் வாயில் வந்தது அதுதான்.

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே எழுந்து போய் நகம் வெட்டுகிற கத்திரியை எடுத்து வந்தார். நான் குட்டியைப் பிடித்துக்கொண்டேன். வெட்டியதும் நீலம் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. நல்ல வேளை, புண் ஆகவில்லை. உப்புத் தண்ணீரில் துடைத்தேன்.

"இத அவன் எங்க கட்டுனான்? நாந்தான கட்டுனேன்" என்றார் மதினி. "நாலு கட்டுனான். வேன்காரன் ஆரன் அடிக்கவும், 'அக்கா, இத மட்டும் நீ கட்டிவிடு'ன்னு என் கையில குடுத்துட்டு எந்திரிச்சிட்டான்."

அவர் கட்டிய நான்கும் குப்பை வண்டியில் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

மதினி போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குட்டிக்காகவா, நூலுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரோசி வந்து என் கால் விரலை நக்கினாள். அவள் குட்டியைத்தான் கொல்லப் பார்த்தேன், அது அவளுக்குத் தெரியாது.

மே 24, சனி

லேசான மேகம். நீலம் 291! பின் காம்பை விட மாட்டேன் என்கிறது. மஞ்சளை மிதித்துக்கொண்டு ஏறுகிறது. சிவப்புக் கோடு மங்கிவிட்டது. இனிமேல் கம்பளி நூல் மட்டும், அதுவும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றிக் கட்ட வேண்டும்.

பதினொரு மணிக்குப் போன். அவர்தான். கரைக்கு வந்துவிட்டார்களாம். வீடியோவில் முகம் விட்டுவிட்டுத் தெரிந்தது. கறுத்திருக்கிறார், தாடி வைத்திருக்கிறார். நான் மதினி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். படம் நின்றுபோய்க் குரல் மட்டும் வந்தது.

"ஸ்டெல்லா, படுத்தா அந்தக் குட்டிக நெனப்புத்தான் வருது. நான் கட்டுன நூலு இன்னும் அதுக கழுத்துல கெடக்கா?"

"கெடக்குங்க" என்றேன்.