கொழும்பு நிருபர் பார்த்த படங்கள்

17 ஜனவரி 1943, ஞாயிறு

பாசி இன்றைக்கும் சரியாக உறையவில்லை. கிளிசரின் போதாது. மருந்துக்கடையில் கேட்டால் யுத்தம் என்கிறான். எதைக் கேட்டாலும் யுத்தம்.

அச்சுக்கூடத்துக்கு நான் எங்கே போவேன்? கடற்பாசியைக் காய்ச்சித் தகரத் தட்டில் ஊற்றுகிறேன். உறைந்ததும், ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் கவிழ்த்து எடுத்தால் எழுத்து பாசியில் ஏறிக்கொள்ளும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்கவேண்டியதுதான். போகப்போக மங்கும். மங்கினாலும் 'இருட்டுக்கொட்டகை' பத்திரிகைதான். தாள், டெண்டு கொட்டகைக்காரன் மிச்சம் வைத்த படநோட்டீசு. முன்பக்கம் அவனுடைய புராணப் படம், பின்பக்கம் என்னுடைய பேய்ப்படம்.

காஜா முஹ்யித்தீன் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். ரஹ்மத் தோணிக்குத் தண்டல் அவர். பாய் ஏறுவதும் இறங்குவதும் அவர் சொல்படி. வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் பெட்டிக்கடைக்கு வந்து, சாக்கின்மேல் உட்கார்ந்து படம் சொன்னார்.

"பேச்சு ஒண்ணும் வெளங்கல வே. ஒரு கடியாரக்காரன். கடியாரத்துக்குள்ள அவன் பொண்டாட்டி இருக்கா."

"செத்தவளா?"

"செத்தவதான். மணி அடிக்கும்போதெல்லாம் பேசுதா. பட்டாளத்தான் ஒருத்தன் பயந்துபோய்த் திரையில சோடாப் புட்டிய எறிஞ்சான். பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிட்டான். நான் கடைசி மட்டும் இருந்தேன்."

"நீரு பயப்படலையா?"

"எம் பொண்டாட்டி உசுரோடயே மணிக்கு மணி பேசுதா. எனக்கென்ன பயம்?"

இப்படிப்பட்ட படங்களைப் பற்றிப் போன வருஷம் மதராஸ் சினிமா மாசிகை ஒன்றுக்கு எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். 'இத்தகைய படங்கள் உலகில் எங்கும் இல்லை. தங்கள் கற்பனையைக் கதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பவும்.'

கற்பனையாம். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்து. படித்தவன் பார்க்காத படம் உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடுமா? பார்த்தவர் வாயால் கேட்டதைத் தவிர ஒரு வரி நான் சேர்த்ததில்லை.

22 ஜனவரி, வெள்ளி

மதராஸ் பத்திரிகைகளில் 'நமது பம்பாய் நிருபர்' என்று போடுகிறார்கள். எனக்கு மட்டும் நிருபர் இல்லையா? இந்த இதழில் கட்டம் கட்டிப் போட்டுவிட்டேன்: 'நமது கொழும்பு நிருபர் வருகிற புதன் அதிகாலை ரஹ்மத் தோணியில் புறப்படுகிறார். பிப்ரவரி முதல் வாரம் திரும்பியதும் புதிய படங்களின் விவரம் வெளிவரும்.'

அவர்கள் நிருபர் ரயிலில் போகிறான். என் நிருபர் கடலில் போகிறார்.

முதல் பிரதி தையல்காரர் வன்னியபெருமாளுக்கு. அவர் கடையில் உப்பளத்துக்காரர்களும் மில் ஆட்களும் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள்.

2 பிப்ரவரி, செவ்வாய்

ஏட்டு மந்திரமூர்த்தி கடைக்கு வந்தான். உடுப்பைக் கொடுக்கத் தையல்கடைக்குப் போன இடத்தில் இதழைப் பார்த்திருக்கிறான்.

"யாரு வே இதை எழுதினது?"

"நான்தான்." விரலெல்லாம் ஊதா. மறைக்க என்ன இருக்கிறது?

"எந்தத் தோணி எப்பம் போவுதுன்னு யுத்த காலத்துல நோட்டீசு போடுதீரே, ஜப்பான்காரனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கீரோ?"

"ஜப்பான்காரன் எம் பத்திரிகைய வாசிக்கானா? அப்ப சந்தா கட்டச் சொல்லும்."

அவன் சிரிக்கவில்லை. இதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

5 பிப்ரவரி, வெள்ளி

காஜா கரையேறியதுமே துறைமுகத்தில் அவருடைய பாசை, கடலில் போகும் அனுமதிச் சீட்டை, பிடுங்கிவிட்டார்கள். தோணி போகும் நேரத்தை வெளியாருக்குச் சொன்ன குற்றமாம். விசாரணை முடியும்வரை கடலில் இறங்கக் கூடாது. சாயங்காலம் விட்டார்கள். நேரே இங்கே வந்தார்.

"நான் உம்ம பேரைப் போடலையே காஜா" என்றேன்.

"ரஹ்மத்துக்கு எத்தன தண்டல் வே இருக்கான்?"

அவ்வளவுதான் பேசினார். ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார்.

11 பிப்ரவரி, வியாழன்

காஜா வரவில்லை. ரஹ்மத் வேறு தண்டலோடு போய்விட்டது.

20 பிப்ரவரி, சனி

காஜா வந்தார். சாக்கின்மேல் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"எழுதிக் குடுத்துட்டேன் வே. கொழும்புல நான் கொட்டகைப் பக்கமே போனதில்ல, யாருக்கும் ஒரு சேதியும் சொன்னதில்லன்னு. இன்ஸ்பெக்டர் உம்மக் கூப்பிடுவாரு. படமெல்லாம் என் கற்பனை, தேதி குத்துமதிப்பாப் போட்டதுன்னு சொல்லும். வயசானவருன்னு உம்ம வைதுட்டு விட்டுருவாங்க. எனக்குப் பாசு கெடைச்சிரும்."

"கற்பனைன்னா சொல்லணும்?"

"ஒரு வார்த்த வே."

"அந்தக் கடியாரப் படம்?"

"இல்ல. அப்படி ஒரு படமே இல்ல."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

23 பிப்ரவரி, செவ்வாய்

கரிவாயு பஸ்ஸில் காயல்பட்டினம் போனேன். பத்திரிகையையே நிறுத்துவதாக எழுதித் தருகிறேன், அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் என்று காஜாவிடம் சொல்லப் போனேன். அவர் இல்லை. ஆறுமுகநேரி உப்பளத்தில் கூலிவேலை கேட்கப் போயிருக்கிறாராம். தண்டல் உப்பு வார!

அவர் மனைவி ருகையா கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள்.

"பாசி காய்ச்சுத பக்குவத்த நாந்தான் அண்ணாச்சி ஒங்களுக்குச் சொல்லி அனுப்புனேன்."

"தெரியும் தாயி."

"தோணியில படுத்தாத்தான் அவுகளுக்கு உறக்கம் வரும். இங்கன கூரை மோட்டப் பாத்துக்கிட்டே கெடக்காவ."

"பத்திரிகைய நிறுத்திருதேன். கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

"நிறுத்தவா கேக்குதேன்? நூறு பத்திரிகை போடுங்க. அது பொய்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அவள் கேட்பது சரி என்றுதான் நினைக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

27 பிப்ரவரி, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. பிறகு என் இதழை எடுத்து எல்லாருக்கும் கேட்க உரக்க வாசித்தார். கடிகாரத்துக்குள் பொண்டாட்டி என்ற இடம் வந்ததும் மந்திரமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பெரியவரே, இப்படியெல்லாம் எவனாவது படம் எடுப்பானா? எல்லாம் நீரா கட்டினதுதானே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

அந்த மதராஸ் மாசிகைக்காரன் அங்கே நின்று சிரிப்பதுபோல இருந்தது எனக்கு.

"உண்மை" என்றேன். "ஒவ்வொரு படமும் உண்மை. பார்த்த மனுசன் வாயால கேட்டு எழுதினேன்."

சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "யாரு அந்த மனுசன்? நிதானமாச் சொல்லும்."

சொன்னேனா? சொன்னேன். என்னத்த மறைக்க — ஊருக்கே தெரியும்லா. நான் என்ன பொய்யா சொன்னேன்?

9 மார்ச், செவ்வாய்

காஜாவுக்கு ஒரு வருஷம். தோணி நேரத்தைச் சொன்னதற்கும், பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கும் சேர்த்து. பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு வயதை முன்னிட்டு எச்சரிக்கை. தோணி, கப்பல், தேதி எதுவும் இனி எழுதக் கூடாது. படம் எழுதுவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம்.

நான் சொன்னது பொய் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.

14 ஏப்ரல், புதன்

வருஷப் பிறப்பு. பாளையங்கோட்டை போய் வெயிலில் நின்றேன். உள்ளே போன வார்டர் திரும்பி வந்து, "அவருக்கு ஒங்களப் பாக்க இஷ்டமில்லையாம்" என்றான். வாங்கிப்போன பேரீச்சம்பழத்தையாவது கொடுக்கச் சொன்னேன். அதையும் அவர் வாங்கவில்லை.

2 மே, ஞாயிறு

வன்னியபெருமாள் வழியில் நிறுத்தி, "அடுத்த படம் எப்பம் அண்ணாச்சி?" என்கிறார். எல்லாரும் இதையே கேட்கிறார்கள். காஜாவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

6 ஜூன், ஞாயிறு

புது இதழ் வந்துவிட்டது. தோணி இல்லை, தேதி இல்லை. சன்னலே இல்லாத ஒரு வீட்டில் அடைபட்ட மாலுமியின் படம். சுவருக்கு அந்தப்புறம் அலை அடிப்பது அவனுக்குக் கேட்கிறது. நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டுகிறான். கடைசியில் சுவர் உடைகிறது. அந்தப்புறம் இன்னொரு சுவர். தலைப்பில் எப்போதும்போல 'நமது கொழும்பு நிருபர்' என்றே போட்டேன்.

வன்னியபெருமாள் கடையில் அதை வாசித்து முடித்தபோது தையல் மெஷின் நின்றிருந்தது.

"இதுவரைக்கும் வந்ததுல இதுதான் அண்ணாச்சி" என்றார் அவர். "நெசமாவே இப்படி ஒரு படம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.