முதலில் உங்கள் வயிற்றில்

இடுப்பு வலிக்குக் கரண்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று பிசியோதெரபி பெண் என் முதுகில் அந்தக் களிம்பைத் தடவினாள். அன்று பிரசவ வார்டில் பட்ட அதே குளிர்ச்சி. ரப்பர் பட்டையை ஒட்ட வந்தவளின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பயமா என்று கேட்டாள். பயமில்லைங்க. முதலில் உங்கள் மேல் வைத்துப் பார்க்காமல் அது என் மேல் பட்டதே இல்லை, அதுதான்.

இரண்டு பிள்ளைகள் மாதம் நிறையாமலே போய், மூன்றாவதற்கும் ஆறாம் மாதத்திலேயே வலி எடுத்தபோது, வாடிப்பட்டியிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டுவந்தீர்கள். ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்காமல் வலி விட்டுவிட்டு வந்தது. கர்ப்பப்பை இறுகுவதை அடக்க லேசான மின்சாரம் வைத்துப் பார்க்கலாம், இது இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, கேட்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நான் உடனே சரி என்றேன். நீங்கள்தான் வெலவெலத்துப் போனீர்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மனுஷன், கடையில் செருப்பில்லாமல் வயரைத் தொடுகிறவர், என் வயிற்றில் கரண்டு என்றதும் முதலில் உங்களுக்கு வைத்துப் பார்க்கச் சொன்னீர்கள்.

அதனால் தினமும் முதல் போணி உங்களுக்குத்தான். சட்டையைத் தூக்கி, தொப்பையில் பட்டையை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பீர்கள். நர்ஸ் திட்டுவார். உங்களுக்கு எத்தனாவது மாசம் என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டே விட்டாள். நீங்கள் அசைந்துகொடுக்கவில்லை. பிறகு கழற்றி நீட்டுவீர்கள்.

"எறும்பு ஊருற மாதிரி இருக்கு, அம்புட்டுத்தான். வச்சுக்க."

சில நாள் வலி அடங்கித்தான் இருந்தது. அந்தக் கரண்டுப் பெட்டியாலா, ஊசியாலா, படுத்தே கிடந்ததாலா, தெரியாது. பிறகு ஒரு மத்தியானம் பனிக்குடம் உடைந்துவிட்டது. பட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை. ஒரு முறை அழுதாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

வார்டுக்குத் திரும்பியபோது என் கட்டிலில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பட்டைகள் உங்கள் வயிற்றில். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அன்று திட்டவில்லை. அவரே வந்து சுவிட்சை அணைத்தார்.

"நா நிப்பாட்டவே இல்லடி," என்றீர்கள். "நிப்பாட்டுனா புள்ள போயிருமோன்னு வச்சுக்கிட்டே இருந்தேன்."

அதன் பிறகு நாம் பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தெம்பில்லை. இப்போது நீங்களும் இல்லை. பேச நினைத்தாலும் ஆளில்லை.

பிசியோதெரபி பெண் காத்துக்கொண்டிருந்தாள். பட்டையை அவள் கையிலிருந்து வாங்கி என் வயிற்றில் வைத்துக்கொண்டேன். முதுகுக்கு வைக்க வேண்டியது என்றாள். தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றேன்.

எறும்பு ஊருகிற மாதிரிதான் இருந்தது. அம்புட்டுத்தான்.